பன்றி ஈரல் ஆராய்ச்சியை வெறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பன்றி உறுப்புகளைக் கொண்டு நடைபெறும் மருத்துவ ஆராய்ச்சியை அருவருப்போடு பேசுவோர் எங்கள் அரூர்ப் பகுதியிலும் இருப்பதால் இதை எழுதுகிறேன். என் தங்கை மகன், ஈரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளம் அடைபட்டுப் பிறந்தவன். அவனுடைய மலம் சுண்ணாம்பைப் போல வெளுத்திருந்ததையும், சாதாரண மஞ்சள் காமாலை என்று எண்ணி நாங்கள் காலை வெயிலில் காட்டியே நாட்களைக் கழித்ததையும் இன்றுவரை மறக்க முடியவில்லை. பித்தநீர் குடலுக்குள் வடிய வழிசெய்யும், கசாய் என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரால் வழங்கும் அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால்தான் பலன் மிகுதி. அது கைகொடுக்காவிட்டால் ஈரல் மாற்றமே வழி.

பன்றியின் ஈரலும் பித்தநாளமும் மனிதருடையவற்றைப் பெருமளவு ஒத்திருப்பதால், இறைச்சிக்கு அறுத்த பன்றியின் ஈரலில் இளம் மருத்துவர்கள் நுண்ணிய தையலைப் பழகுகின்றனர். பன்றி ஈரலின் செல்களைக் கழுவி நீக்கிவிட்டு, எஞ்சும் வெண்ணிறக் கொலாஜன் (உறுப்புக்கு உருவம் தரும் புரதம்) சட்டகத்தில் மனித செல்களை வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. 2024 மார்ச்சில் சீனாவின் சியான் நகரில், மூளைச்சாவு அடைந்த ஒருவருக்குப் பொருத்திய, மரபணு திருத்திய பன்றி ஈரல் 10 நாட்கள் இயங்கிப் பித்தநீரும் சுரந்தது. ஈரலுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தாருக்கு இது சிறிய செய்தியன்று.

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இத்தகைய பயிற்சி விரிவாகக் கிடைக்கவும், கிராமச் செவிலியர்கள் பச்சிளங்குழந்தைகளின் மல நிறத்தைத் தவறாமல் விசாரிக்கவும் அரசு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.