பெயில் குடுத்தா ஆளு வெளிய வரணும்: தமிழ்நாட்டு எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் வக்கீல் இல்ல, கட்சிக்காரனும் இல்ல. பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்து செய்றவன். என்கிட்ட வேலை பாக்குற ஒரு பையனுக்கு கோர்ட்டு பெயில் குடுத்ததுக்கு அப்புறமும் அவன் பல வாரம் ஜெயில்லயே கிடந்தான், அதைப் பக்கத்துல நின்னு பாத்ததால தான் இதை எழுதுறேன்.

2023 டிசம்பர்ல மூணு புது கிரிமினல் சட்டம் எப்படி நிறைவேறுச்சு, எத்தனை எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சஸ்பெண்ட் ஆகி வெளிய நின்னீங்க, 2024 ஜூலை 1-ல அது அமலுக்கு வந்ததும் நம்ம மாநிலத்துல மாநிலத் திருத்தம் என்ன வேணும்னு பாக்க ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில ஒரு நபர் குழு போட்டது, இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியது இல்ல. சட்டத்தோட பேரு இந்தியில இருக்குன்னு எல்லாரும் கோவப்பட்டோம், நியாயமான கோவம் தான். ஆனா அதுக்குள்ள ஜாமீனுக்குன்னு ஒரு அத்தியாயம் இருக்கு, அது ஏறக்குறைய பழைய சட்டத்துல இருந்தபடியே தான் இருக்கு, அதைப் பத்தி ஊர்ல யாரும் பேசி நான் கேக்கல.

பையன் விஷயத்துக்கு வரேன். கூலி பாக்கி தகராறு, கைகலப்பு ஆயிடுச்சு, அடிதடி கேஸ்ல ரிமாண்ட் பண்ணிட்டாங்க. அவன் செஞ்சது சரின்னு சொல்லல, அதை விசாரணையில பாத்துக்கட்டும். பெயில் பெட்டிஷன் போட்டோம், ஆர்டரும் வந்துச்சு. பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு ஜாமீன்தார், அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும், வெளிய வந்ததும் தினமும் காலையில 10.30-க்கு ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும். அன்னிக்கு சாயங்காலமே பையன் வந்துடுவான்னு அவங்க அம்மா நம்புனாங்க, நானும் தான்.

ஒரு ஜாமீன் நான் நின்னேன். என் பேர்ல வீடு இருக்கு, வீட்டு வரி ரசீது இருக்கு, ஏத்துக்கிட்டாங்க. ரத்த சொந்தம் தான் சிக்கல். அப்பா இல்ல. அம்மா இருக்குறது ஏரிக்கரை புறம்போக்குல, பட்டா கிடையாது, அதனால அவங்க பேர்ல வரி ரசீதும் கிடையாது. பெத்த தாயைவிட ரத்த சொந்தம் யாரு இருக்கா, ஆனா பேப்பர் இல்லாததால அந்தம்மா ஜாமீன் நிக்க தகுதி இல்லன்னு ஆயிடுச்சு. சரின்னு வேற ஜில்லாவுல இருக்குற பெரியம்மாவை வரவழைச்சோம், அவங்களுக்கு காணி நிலம் இருக்கு, விஏஓகிட்ட சான்றிதழ் வாங்கிட்டு பஸ் ஏறி வந்தாங்க. வெளி ஜில்லா ஜாமீன் வேணாம், உள்ளூர் ஆளு கொண்டாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லி இன்னொரு பெட்டிஷன், அதைக் கோர்ட்டு ஆபீஸ்ல பதிவு பண்ணி நம்பர் போடணும், நடுவுல கோர்ட்டு லீவு, இந்தப் பக்கம் அந்தம்மா தினமும் எனக்கு போன் பண்ணி "அண்ணே, பெயில் குடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே, ஏன் இன்னும் விடல"ன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

கோர்ட்டு வாசல்ல ஒருத்தர் வந்து, காசு குடுத்தா ஆளும் தரேன் பேப்பரும் தரேன், சொந்தம்னு சொல்லிக்கலாம்னாரு. நாங்க அந்த வழிக்குப் போகல. ஆனா போறவங்களை குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது என்னன்னா, எங்க வக்கீலம்மா அப்போ சொன்ன ஒரு பழைய கேஸ். மத்தியப் பிரதேசத்துல மோதிராம்னு ஒரு கொத்தனார். அவருக்கும் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் தான் கேட்டாங்க. அவரோட அண்ணன் தம்பியில ஒருத்தர் ஜாமீன் நிக்க வந்தப்போ, உன் சொத்து வேற ஜில்லாவுல இருக்குன்னு மாஜிஸ்திரேட் மறுத்துட்டாரு. சுப்ரீம் கோர்ட்டுல நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டிச்சு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்துல, அதாவது ஜாமீன்தார் இல்லாம அவரே எழுதிக் குடுக்குற உறுதிமொழியில, அவரை விடச் சொன்னாரு. இது நடந்தது 1978-ல. எங்க பெரியம்மாவை அதே காரணம் சொல்லி திருப்பி அனுப்புனது இப்போ.

உச்ச நீதிமன்றம் மறுபடி மறுபடி சொல்லிட்டுத் தான் இருக்கு. 2022 ஜூலைல சதேந்தர் குமார் ஆண்டில் வழக்குல, ஜாமீனுக்குன்னு தனிச் சட்டமே கொண்டு வரலாம்னு நீதிபதிகள் கவுலும் நம்ம ஈரோட்டுக்காரர் எம்.எம்.சுந்தரேஷும் ஒன்றிய அரசுக்கு யோசனை சொன்னாங்க. 2023 ஜனவரி 31-ல இன்னொரு உத்தரவு: பெயில் ஆர்டரை ஜெயிலுக்கு மெயில்ல அனுப்பணும், ஏழு நாள்ல ஆளு வெளிய வரலன்னா ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யுற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஜெயில் சூப்பிரண்டு சொல்லணும், ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் குடுக்க முடியலன்னா கண்டிஷனை மாத்தலாமான்னு கோர்ட்டே தானா பாக்கலாம், உள்ளூர் ஜாமீன் தான் வேணும்னு கேக்குறதே தாமதத்துக்கு ஒரு காரணம், அப்படி கண்டிஷன் போட வேணாம்னு யோசனையும் சொன்னாங்க. இவ்வளவு தெளிவா இருக்கு. எங்க விஷயத்துல ஒருத்தரும் எங்கயும் சொல்லல, யாரும் வந்து கேக்கவும் இல்ல. தீர்ப்புல இருக்குறது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்குற கிளார்க் வரைக்கும் வரணும்னா அது சட்டத்துலயே எழுதியிருக்கணும். எழுத வேண்டியவங்க நீங்க தான்.

அதுக்குப் பெருசா ஒண்ணும் யோசிக்க வேண்டியது இல்லைங்க. அந்த மூணு புது சட்டத்துல கிரிமினல் நடைமுறைக்கான பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 478-வது பிரிவுல ஏற்கனவே ஒரு நல்ல வரி இருக்கு. ஜாமீன்ல விடக்கூடிய குற்றத்துல, அதாவது ஜாமீன் உரிமையாவே கிடைக்குற குற்றத்துல, கைதானவர் ஒரு வாரத்துல ஜாமீன் குடுக்க முடியலன்னா அவரை ஏழைன்னு எடுத்துக்கிட்டு சொந்தப் பத்திரத்துல விடணும். அதே வரியை மத்த கேஸ்கள்ல பெயில் கிடைச்சவங்களுக்கும் சேருங்க. கோர்ட்டு விடலாம்னு சொன்ன பிறகு ஏழை ஏழை தானே, செக்‌ஷனைப் பொறுத்தா பசி மாறுது?

ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை குடுக்க ஒரு திட்டம் வெச்சிருக்கு, நல்லது. ஆனா எங்களுக்குக் குறைஞ்சது பணம் இல்ல, பட்டா வெச்சிருக்குற ஒரு சொந்தக்காரர். அதை எந்தத் திட்டம் குடுக்கும்?

தண்டனையைக் கூட்டுறதுன்னா மட்டும் எல்லாரும் வேகமா இருக்கீங்க. 2025 ஜனவரில பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு தண்டனையை அதிகமாக்குற மசோதாவை நம்ம சட்டசபையில தாக்கல் பண்ணி மறுநாளே நிறைவேத்துனீங்க. எனக்கும் பொண்ணு இருக்கா, அதை நான் எதிர்க்கல. கிரிமினல் நடைமுறைச் சட்டம், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல்ல இருக்கு, ஜனாதிபதி ஒப்புதலோட மாநிலமே திருத்தலாம், நினைச்சா சபையில ரெண்டு நாள்ல நிறைவேத்த முடியும்னு நீங்களே காட்டிட்டீங்கன்னு தான் சொல்றேன். பேருக்கு சில சீர்திருத்தம் வந்திருக்கு, இல்லன்னு சொல்லல. 5,000 ரூபாய்க்குக் கீழ திருட்டுன்னா, முதல் தடவைன்னா, பொருளைத் திருப்பிக் குடுத்துட்டா சமூக சேவை தண்டனை, ஆனா அது மொத்தமே ஆறு குற்றத்துக்குத் தான். அதே பிஎன்எஸ்எஸ் 479-ல முதல் தடவை மாட்டுனவங்க அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்துட்டா விடணும்னு வந்திருக்கு, ஆனா ஒண்ணுக்கு மேல கேஸ் இருந்தா கிடையாதுன்னு அடுத்த உட்பிரிவுலயே பிடுங்கிட்டாங்க. ஸ்டேஷன்ல ஒரு பையன் மேல மூணு பழைய கேஸை சேர்த்துப் போடுறது எவ்வளவு சுலபம்னு உங்க தொகுதியில கேட்டுப் பாருங்க.

2022 தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்திய ஜெயில்கள்ல 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. இன்னும் குத்தவாளின்னு யாரும் தீர்ப்பு சொல்லாதவங்க. அதுல பெயில் ஆர்டர் வந்தும் ஜாமீன் ஆளு கிடைக்காம உள்ள இருக்குறவங்க எத்தனை பேர்னு மாவட்ட வாரியா சபையில கேளுங்க. கேள்வி கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, எங்களுக்கு இல்ல.

கோவத்துல ஏதாவது கூடப் பேசியிருந்தா பெரியவங்க மன்னிக்கணும். அந்தப் பையன் ஒரு வழியா வெளிய வந்துட்டான், ஆனா தினமும் 10.30-க்குக் கையெழுத்து. 9 மணிக்கு ஆரம்பிக்கிற வேலைக்கு அவனை எந்த சைட்டுலயும் நிக்க விட மாட்டேங்குறாங்க, அரை நாள் கூலி தான். அதையும் முடிஞ்சா பாருங்க, கூலிக்காரனுக்கு ஞாயித்துக்கிழமை வந்து கையெழுத்து போட்டா போதும்னு வெச்சா யாருக்கு என்ன நஷ்டம்.

எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடர்ல ஒரு தனிநபர் மசோதாவாவது கொண்டு வாங்க. எம்.எல்.ஏ.க்கள் மாநிலத் திருத்தம் கொண்டு வரச் சொல்லி முதலமைச்சர்கிட்டயும் சட்ட அமைச்சர்கிட்டயும் பேசுங்க. கேக்குறது இது தான்: பெயில் குடுத்து ஏழு நாள்ல ஜாமீன்தார் கிடைக்கலன்னா சொந்தப் பத்திரத்துல விடணும், ரத்த சொந்தம், உள்ளூர் ஆளுன்னு கண்டிஷன் கூடாது. தயவுசெஞ்சு செய்யுங்க.

இப்படிக்கு,
உங்களுக்கு ஓட்டுப் போட்ட ஒரு பெயிண்டிங் காண்ட்ராக்டர்