பெரிய வாளி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, வாசலில் பெரியப்பாவும் வந்துவிட்டார். பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டேன். படுத்தால் நித்திரை வரவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை இது. அதனால்தான் தம்பியின் பழைய கொப்பியில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசி வருட ஆய்வை உழைக்கிற சனங்களைப் பற்றிச் செய்யப்போவதாகச் சொன்னாய். "நீங்கள் என்னம்மா நினைக்கிறீங்கள்?" என்றும் கேட்டாய். செய் பிள்ளை. முழு மனதோடு சொல்கிறேன், செய்.

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போனது. "பேராதனைக் கம்பஸ் வரைக்கும் அனுப்பிக் கூலிவேலையைப் பற்றியோ படிக்க விடுகிறாய்? அதை இங்கேயே பார்க்கலாமே" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அண்ணா பட்டம் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிப் பிள்ளைகள் வேலை கேட்டு மாதக்கணக்காக வீதியோரம் இருந்தார்களே, அப்போது அண்ணாவுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. உன் கையில் ஒரு வேலை வரும்வரை இருக்கும். அதற்காக இதை விட்டுவிடாதே. இங்கிலீஷையும் சிங்களத்தையும் கூடவே பிடித்துக்கொள். வீட்டுப் பாட்டை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம்.

நீ அனுப்பிய பக்கங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். கோப்பித் தோட்டம், கங்காணி, துண்டுமுறை என்கிற கடன்சீட்டு முறை, 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியது, அவர் மனைவி மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியது, 1940இல் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸால் சுடப்பட்டது, எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எல்லாமே மலையில் நடக்கிறது. வன்னி ஒரே ஒரு வரியில் வருகிறது: "பின்னர் ஒரு பகுதியினர் வடக்கே குடியேறினர்." மகள், அந்த ஒரு வரிக்குள்தான் நம்முடைய வீடு இருக்கிறது. அதைக் கொஞ்சம் திறந்து எழுது.

நீ கண்டி பஸ்ஸில் போகும்போது மதவாச்சியிலிருந்து மாத்தளை வரைக்கும் போகிற பாதை, இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த அந்தச் சனங்கள் நடந்த பாதைதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் பசியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். 2023இல் இருநூறு வருட நினைவுக்குத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அப்போது நான் மன்னார்ப் பக்கம் போய் வீதியோரம் நின்றேன். என் வயதுப் பெண் ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாரில் நடந்துபோனார். எனக்கு என் அம்மாவின், உன் அம்மாயியின் நினைவு வந்து தொண்டை அடைத்துவிட்டது.

அம்மாயி ஏன் இங்கே வந்தார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. 77 கலவரத்தில் அடிபட்டு வந்தோம் என்று நாங்களும் ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். அது உண்மைதான், ஆனால் முழுக் கதை அதற்கு முதலே தொடங்கிவிட்டது. 1973, 74இல் தோட்டத்தில் பஞ்சம். ரேஷன் குறைந்தது, வேலைநாளும் குறைந்தது. அட்டன் பக்கத்து அந்த லயத்து வரிசை வீட்டில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தண்ணீரையும் குடித்ததாக அம்மாயி சொல்வார். அதே காலத்தில் அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. வன்னியில் காடு வெட்டி மிளகாய்க் கன்று நட்டவர்களுக்குக் கையில் காசு புரண்டது. கன்று நட, தண்ணீர் இறைக்க, பழம் ஆய ஆள் வேண்டியிருந்தது. அங்கே பசி, இங்கே ஆள் தேவை. இந்த இரண்டும் சேர்ந்துதான் எங்களை இழுத்தன. 1977 ஓகஸ்ட் கடைசியாகத் தள்ளிவிட்டது. அப்போது எனக்கு ஐந்து வயது. லொறியில் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்து வந்தது மட்டும் ஞாபகம்.

அதற்கு முதலே அம்மாயியின் அண்ணன் இந்தியாவுக்குப் போய்விட்டார். 1948இல் குடியுரிமை போனது, 1964இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தன, அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அம்மாயி கோச்சியோடு சேர்ந்து ஸ்டேஷன் மேடையின் முனை மட்டும் ஓடினார் என்பது. அதற்குப் பிறகு ஒரு கடிதம்தான் வந்தது.

இங்கே வந்தவர்களுக்குக் கிடைத்தது குளத்துத் தண்ணீர் பாயாத மேட்டுநிலம். இரணைமடுக் குளத்து வாய்க்கால் எங்கள் ஒழுங்கைக்கு வருவதில்லை. காணியும் வாய்க்காலும் உள்ளவரிடம் நாள்கூலிக்குப் போவதுதான் வழி. உன் அப்பம்மா வீட்டு வயலிலும் எங்கள் ஆட்கள் புல்லுப் பிடுங்கியிருக்கிறார்கள். அப்பாவை நான் கட்டினபோது அந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் முதல் இரண்டு வருடம் எனக்குத் தனிக் கோப்பைதான். இதையும் உன் ஆய்வில் எழுதவேண்டி வந்தால் எழுது, அப்பா கோபிக்க மாட்டார். நான் கேட்டுவிட்டேன்.

சரி, நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1984. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாயியோடு நிலக்கடலை, அதுதான் நம் கச்சான், ஆயப் போவேன். செடியைப் பிடுங்கி நிழலில் குவித்துவிடுவார்கள். பெண்கள் சுற்றியிருந்து கச்சானை ஆய்ந்து வாளியில் போடுவோம். வாளிக்கு இவ்வளவு என்று காசு. அம்மாயியின் கை தோட்டத்தில் கொழுந்து எடுத்த கை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் போகும். கண் கையைப் பார்க்காது, முன்னால் இருக்கிறவரோடு கதைத்துக்கொண்டிருக்கும். பெருவிரல் நகத்தால் காம்பைத் தட்டிவிடுவார், பிய்ப்பதில்லை. பிய்த்தால் தோடு கிழியும் என்பார். மற்றவர்கள் இரண்டு வாளி போடுகிற நேரத்தில் அவர் மூன்று போட்டுவிடுவார்.

இரண்டாம் நாள் பின்னேரம் காணிக்காரர் வந்து அம்மாயியின் கணக்கைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடிய நாங்கள் போனபோது அங்கே வேறு வாளி இருந்தது. பெரிய வாளி. காசு பழைய காசுதான்.

யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாயி மட்டும் வாளிக்குள் கையை விட்டு முழங்கை வரைக்கும் அளந்து பார்த்தார். பிறகு இருந்து ஆயத் தொடங்கினார். வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "தோட்டத்துல தராசு அவங்க கையில. தண்ணிக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவுன்னு கழிச்சிட்டுத்தான் எழுதுவாங்க. இங்க வாளி. அளக்கிறது எப்பவும் அவங்கதான்."

உன் பக்கங்களில் "தேர்ச்சியற்ற தொழிலாளர்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், விளங்குகிறது. ஆனால் அந்தச் சொல் வருகிற ஒவ்வொரு இடத்திலும் அம்மாயியின் பெருவிரல் நகத்தை நினைத்துப் பார். தேர்ச்சி இல்லாமலா வாளியை மாற்றினார்கள்? யார் அளந்தது, எதால் அளந்தது, எப்போது அளவை மாற்றியது என்று கேட்டுப் படி பிள்ளை. நான் உன்னிடம் கேட்கிறது இவ்வளவுதான்.

இன்னொன்றும் உன் பக்கத்தில் பார்த்துத் திடுக்கிட்டேன். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது அதே 1984இல் என்று எழுதியிருக்கிறாய். அம்மாயிக்கு அது தெரியவே தெரியாது. அவர் அங்கே இருந்திருந்தால் ஆணுக்குச் சமமாக வாங்கியிருப்பார். இங்கே இன்றைக்கும் வயலில் ஆண் நாள் ஒரு விலை, பெண் நாள் ஒரு விலை. கேட்டால் ஆம்பிளையள் மூட்டை தூக்குவினம் என்று சொல்வார்கள். மூட்டை தூக்குகிற நாளுக்கு அது சரி. புல்லுப் பிடுங்குகிற நாளில் யாரும் மூட்டை தூக்குவதில்லை. ஒரே வரம்பில் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நிற்கிறார்கள், பின்னேரம் கையில் வாங்குகிற காசு வேறு. தோட்டத்தில் சங்கம் இருந்தது. வேலைநிறுத்தம் செய்தால் கொழுந்து முற்றிப்போகும் என்று துரைக்குப் பயம் இருந்தது. இங்கே பத்துப் பெண்கள் பத்துக் காணியில் நிற்கிறார்கள், யாரோடு சேர்ந்து கேட்பது? இது ஏன் இப்படி என்று நீ எழுதினால் நான் ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டுவேன்.

அருவி வெட்டு, கையால் நெல் அறுக்கிறது, உனக்கு ஞாபகம் இருக்காது. தாக்கத்தியோடு ஒரு கூட்டமாக இறங்கி, உப்பட்டி உப்பட்டியாகப் போட்டுக்கொண்டு போவோம். சண்டை முடிந்த பிறகு அறுவடை மிசின் வந்தது, ஒரு கூட்டம் முழுப் பகலும் நின்ற வயலை மிசின் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுகிறது. என் முதுகுக்கு அது நல்லது, மிசினைத் திட்ட மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்ற பெண்கள் எங்கே போனார்கள் என்று தேடு. சிலர் வெளிநாட்டுக்குப் போய் வீட்டுவேலை செய்கிறார்கள். சிலர் நுண்கடன் எடுத்து மாடு வாங்கி, மாட்டை விற்றுக் கடன் கட்டினார்கள். அவர்களுடைய மகள்மார் விடியற்காலை இருட்டில் கார்மெண்ட்ஸ் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். உன்னோடு படித்த பிள்ளைகள் இரண்டு பேர் அதில் போகிறார்கள். அங்கே வாளி இல்லை, மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று டார்கெட்டாம். எட்டிப்பிடித்தால் அடுத்த மாதம் டார்கெட் ஏறுகிறதாம்.

அப்புறம் வீட்டுக்குள் நடக்கிற வேலை. போன வருடம் ஏதோ கணக்கெடுப்பு என்று ஒரு தம்பி படிவத்தோடு வந்தார். நான் முற்றத்தில் நெல்லுக் காயவிட்டுத் துழாவிக்கொண்டு நின்றேன். விடிய எழும்பி மாடு கறந்து, பால் கொண்டுபோய்க் கொடுத்து, மிளகாய்க்குத் தண்ணீர் விட்டு, அதற்குப் பிறகுதான் நெல். அந்தத் தம்பி அப்பாவைக் கேட்டார், "அம்மாவுக்குத் தொழில்?" அப்பா யோசிக்காமல் சொன்னார், "அவ சும்மா வீட்டிலதான்." அவர் அப்படியே எழுதிக்கொண்டார். கூட்டுறவுச் சங்கத்தில் பதினாறு வருடம் கணக்கு எழுதினவள் நான். அந்தப் படிவத்தைப் பிடித்து வாங்கித் திருத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. நெல்லைத் துழாவிக்கொண்டே நின்றேன். அன்று இரவு அப்பாவோடு கதைக்கவில்லை. அவருக்கு ஏன் என்று விளங்கவே இரண்டு நாள் எடுத்தது.

அதனால் நீ படிவத்தோடு போகும்போது கவனம். பெண்ணைக் கேட்கவேண்டியதைப் பெண்ணிடமே கேள். மாதம் எவ்வளவு வருமானம் என்று கேட்காதே, நாள்கூலிக்காரருக்கு மாதம் என்று ஒன்று இல்லை. போன கிழமை எத்தனை நாள் வேலை இருந்தது, காசு அன்றைக்கே கைக்கு வந்ததா என்று கேள். வேலை நேரத்தில் போய் மறிக்காதே, உன்னோடு கதைக்கிற அரை மணித்தியாலமும் அவர்கள் கூலியில் கழியும். பொழுதுபட்ட பிறகு போ. கதிரை எடுத்து வைப்பார்கள், நீ பாயிலேயே இரு. பிளேன்ரீ தந்தால் குடி. எழுதி முடித்த பிறகு எழுதினதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு. எங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பி வந்து வாசித்துக் காட்டவில்லை.

பெரியம்மாவின் மகன் வெள்ளிக்கிழமை கண்டிக்கு வருகிறான். அவனிடம் கச்சானும் மோர்மிளகாயும் கொடுத்துவிடுகிறேன். ஒரு கொப்பியும் வரும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள். அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. வேலைக்குப் போன நாளுக்கு அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார், அரை நாள் என்றால் அரைக் கோடு. பெரிய வாளி வந்த அந்தக் கிழமையிலிருந்து நான் அதைக் கொப்பியில் பார்த்து எழுதத் தொடங்கினேன். 2009இல் சண்டை முடிகிற நேரம் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பொலித்தீன் பையில் கிடந்ததால் அது தப்பியது. நடுவில் சில பக்கங்கள் ஒட்டிப்போயிருக்கின்றன, இழுத்துப் பிரிக்காதே. கம்பஸ் நூலகத்தில் அதற்கு வழி தெரிந்தவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பார்.

சில கோடுகளைச் சுற்றி வட்டம் இருக்கும். அவை வேலை செய்தும் காசு வராத நாட்கள். எத்தனை வட்டம் என்று நான் இதுவரை எண்ணவில்லை. நீ எண்ணிவிட்டு எனக்குப் போன் எடு.

அன்புடன்,
அம்மா