கலாவுக்கு, அந்த ஜி-ஃபோர் மருந்து விஷயமா

கலா,

ஜி-ஃபோர்னு புதுசா ஒரு கேன்சர் மருந்து வந்திருக்குன்னு ஒருத்தர் பேசற வீடியோவ நீ அனுப்பி ரொம்ப நாளாச்சு, கோச்சுக்காத, அக்காவோட கேன்சர் விஷயம்ங்கறதால பேப்பர் எல்லாம் முழுசா படிக்காம வாயத் திறக்க வேணாம்னு இருந்தேன். இங்க எல்லாரும் சௌக்கியம், சின்னவன் அப்படியே உங்க ராஜி டீச்சர் மாதிரி மெரட்டறான்.

வீடியோல புதுசு புதுசுன்னு கத்தறாரே, டிஎன்ஏ எழுத்துல ஒண்ணான குவானின் நாலு சேந்து சதுரமா உக்காரும்னு 1962லயே சொல்லிட்டாங்கடி. அந்த சதுரங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, நடுவுல பொட்டாசியம் அயனி பிடிச்சு நிறுத்தினா அதான் ஜி-குவாட்ரப்ளெக்ஸ், சுருக்கமா ஜி-ஃபோர். மனுஷ செல்லுக்குள்ள இது நெஜமாவே இருக்குன்னு 2013ல ஆன்டிபாடி வச்சு படம் பிடிச்சு காட்டினது கேம்பிரிட்ஜ்ல சங்கர் பாலசுப்ரமணியன் குரூப், நம்ம சென்னையில பொறந்தவர்! நியூக்ளியஸ்குள்ள புள்ளி புள்ளியா மின்னுது, பாத்துட்டே இருக்கலாம்.

அக்காவுக்கு சம்பந்தப்பட்டது சிஎக்ஸ்-5461ங்கற மருந்து. அது அந்த அடுக்க அவிழ விடாம இறுக்கிடும், டிஎன்ஏவ காப்பி எடுக்கற மெஷின் சிக்குல மாட்டின சீப்பு மாதிரி அங்கயே நின்னுடும், இழை அறுந்துபோகும். நல்ல செல்லு அத ஒட்டிக்கும், அறுந்தத ரிப்பேர் பண்ற பிஆர்சிஏ ஜீன் கெட்டுப்போன கேன்சர் செல்லால முடியாது, செத்துரும். எவ்ளோ அழகான யோசனை பாரு!

ஆனா கலா, இத நிதானமா படி. கனடாவுல 40 பேருக்கு குடுத்துப் பாத்த முதல் கட்ட ரிசல்ட் 2022ல வந்துச்சு, கட்டி நல்லா சுருங்கினது 14% பேருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் இந்த மாதிரி ரிப்பேர் கோளாறு இருந்தவங்களுக்கு. வெயில் பட்டா தோலும் கண்ணும் பாதிக்கற தொந்தரவு வேற. சில பேருக்கு மொதல்ல கேட்டுட்டு அப்பறம் கேன்சர் செல்லே கெட்டுப்போன ஜீன சரி பண்ணிக்கிட்டு திரும்ப வளந்திருக்கு. பிஆர்சிஏ கேன்சருக்கு குடுக்கற ஓலாபரிப் மாத்திரை கேக்காம போறதுக்கும் அதுவே ஒரு காரணமா இருக்கலாம், அப்படி இருந்தா இதுவும் கைகுடுக்காம போகலாம், எனக்கு இதான் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

அதனால அக்கா இப்ப எடுக்கற மருந்த யார் சொன்னாலும் நிறுத்த விடாத. டாக்டர்கிட்ட ரெண்டே கேள்வி கேளு: ரிவர்ஷன், அதாவது கெட்ட ஜீன் திரும்ப சரியாயிருக்கறது, இருக்கான்னு திரும்ப டெஸ்ட் பண்ணலாமா, அக்காவுக்கு பொருந்தற ட்ரையல் ஏதாச்சும் ஆள் எடுக்குதா. பழைய ஜீன் ரிப்போர்ட்டோட எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்னிக்கே அனுப்புடி, மொத பக்கம் மட்டும் போதாது.

உன்
வசந்தி