31வது நிமிடத்தில் போன லைன்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சனிக்கிழமை இரவு 10.52க்கு ஃபைபர் இணைப்பு அறுந்தது, அதைப் பற்றிய புகாரைச் சரிசெய்யாமலே 'தீர்ந்தது' என்று மூடியது குறித்து.

வணக்கம்.

போனில் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ எடுக்கிறார்கள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று மட்டும் திரும்ப அனுப்பாதீர்கள்.

நான் ஆடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்கிற ஆன்லைன் விளையாட்டு, அதிலும் 2023 ஆகஸ்டில் வந்த ஹார்ட்கோர் சர்வர். அங்கே ஒரு தடவை செத்தால் செத்ததுதான், மறு உயிர் கிடையாது. ஆவியாகச் சுற்றலாம், சாட்டில் பேசலாம், இல்லாவிட்டால் அந்தப் பாத்திரத்தை ஹார்ட்கோர் அல்லாத சர்வருக்கு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். என்னுடையது ஒரு குள்ளர் இனத்து ப்ரீஸ்ட், லெவல் 60, குழுவில் மற்றவர்களுக்கு உயிர் ஏற்றுவதுதான் என் வேலை. சாகும்போது மொத்தம் ஆடிய நேரம் 12 நாள் 7 மணி என்று காட்டியது, அதாவது 295 மணி நேரம். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, எட்டு மாதமாகச் சேர்த்த நேரம் அது.

சனிக்கிழமை ராத்திரி ஐந்து பேராக ஸ்ட்ராத்ஹோம் போனோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது கொள்ளைநோயில் அழிந்து எரிந்துகொண்டே இருக்கும் ஒரு நகரம், அதன் பின்பாதி முழுக்கச் செத்தும் சாகாத கூட்டம்: எலும்புக்கூடுகள், ஊளையிடும் பெண் பேய்கள், பல பிணங்களைச் சேர்த்துத் தைத்த மாதிரி அருவருப்பான பெரிய உருவங்கள். மூன்று சிகுராட்களிலும் (படிக்கட்டுக் கோபுரங்கள்) காவலிருப்பவர்களை அடித்து வீழ்த்தினால்தான் கசாப்புக்கூடத்தின் கதவு திறக்கும், கடைசியில் அந்தக் கூட்டத்தின் தலைவன் பாரன் ரிவன்டேர் இருப்பான். நாங்கள் போனது 45 நிமிடக் கணக்கில். அதற்குள் பாரனை முடிக்காவிட்டால் அவன் பிடித்து வைத்திருக்கும் இசிடா ஹார்மன் செத்துப்போவாள், பிறகு இன்னொரு நாள் முதலிலிருந்து. (பாரன் ஏறுகிற குதிரையும் பரிசாக விழும் என்பார்கள். 2019ல் கிளாசிக் திரும்ப வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை போய்விட்டேன், அதன் லாடத்தைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.)

இனி உங்கள் லைனுக்கு வருகிறேன். சர்வர் ஐரோப்பாவில் இருக்கிறது, எனக்கு பிங் (தகவல் அங்கே போய்த் திரும்பும் நேரம்) 170 மில்லிசெகண்டுக்குக் கீழே வராது. கடலுக்கடியில் கேபிள் போகிற தூரத்துக்கு ஒளிக்கே நேரம் பிடிக்கும், அதற்காக உங்களைத் திட்டினால் எனக்குத்தான் அறிவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை நூறு பாக்கெட் (தகவல் துண்டுகள்) அனுப்பினால் ஆறேழு காணாமல் போனது. என் வீட்டு ரவுட்டர் வரை ஒன்றுகூடத் தவறவில்லை, என் லைன் போய்ச் சேர்கிற உங்கள் முதல் கேட்வேயிலேயே தொலைகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதியே இதை 1 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. செவ்வாய்க்கிழமை ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுத்தேன். உங்கள் ஆள் போன் பண்ணி ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொன்னார், 100 எம்பி காட்டியது, "ஸ்பீடு கரெக்டா இருக்கே சார்" என்றார். ஐயா, இந்த விளையாட்டுக்கு 100 எம்பியில் ஒரு ஓரம் போதும். குழாய் எவ்வளவு பெரிசு என்று நான் கேட்கவில்லை, வழியில் ஏன் ஒழுகுகிறது என்று கேட்கிறேன். அதற்கப்புறம் அவர் "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார், லைனை செக் பண்ணணும்" என்றார். சொன்னேன். அடுத்த நிமிடம் குறுஞ்செய்தி: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. வீட்டுப் பக்கம் யாரும் வரவே இல்லை.

ஒழுகுகிற லைனோடு அந்த ஊருக்குள் போனால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே சில வாசல்களைத் தாண்டும்போது முன்னும் பின்னும் கதவு விழும், உள்ளே மாட்டியவர்கள் மேல் நோய் பிடித்த எலிகளும் பூச்சிகளும் பாயும். என் திரையில் நான் கூட்டாளிகளோடு ஓடிக்கொண்டிருக்கிறேன், சர்வர் கணக்கில் பத்தடி பின்னால் நிற்கிறேன். கதவு விழுந்தது, அவர்கள் அந்தப் பக்கம், நான் எலிகளோடு இந்தப் பக்கம். அது எப்படியோ தப்பித்தேன். செத்த உருவங்களைக் கட்டிப்போட ப்ரீஸ்டுக்கு ஒரு மந்திரம் உண்டு, போட ஒன்றரை நொடி ஆகும். அந்த ஒன்றரை நொடி உங்கள் லைனில் இரண்டரை நொடி ஆனது, மூன்று நொடி ஆனது. பேய்ச் சீமாட்டி அனஸ்டாரி நம் ஆளில் ஒருவர் உடம்புக்குள் புகுந்து நம்மையே அடிக்க வைப்பாள், அந்தச் சமயத்தில் யாருக்கு உயிர் ஏற்றுவது என்று பார்ப்பதற்குள் திரை உறைந்து நிற்கும். இதையெல்லாம் சமாளித்துத்தான் கசாப்புக்கூடம் வரை போனோம். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

31வது நிமிடம். ராம்ஸ்டைன் என்கிற பெரிய உருவம் விழுந்தது. அது விழுந்த கையோடு உள்ளேயிருந்து எலும்புக்கூடுகள் சாரிசாரியாக ஓடி வரும், ஒன்றொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதவை, ஆனால் மொத்தமாக வருகிற அந்த அரை நிமிடம் உயிர் ஏற்றுகிறவன் கையில்தான் எல்லாரும் இருப்பார்கள். சரியாக அப்போது மோடத்தில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தது. இணைப்பு போனால் பாத்திரம் உடனே மறையாது, சண்டை நடக்கிற இடத்திலேயே கல் மாதிரி நிற்கும். நான் பால்கனிக்கு ஓடினேன். தெருமுனைக் கம்பத்தில் ஏணி, ஏணி மேல் உங்கள் கம்பெனி சட்டையில் ஒரு தம்பி, வாயில் செல்போன் டார்ச். என்னப்பா என்றேன். "புது கனெக்‌ஷன் குடுக்குறோம் சார், கை பட்டுருச்சு, ரெண்டு நிமிஷம்." நாலு நிமிடம் 12 நொடி ஆனது. திரும்ப உள்ளே போனபோது திரை சாம்பல் நிறத்தில் இருந்தது. செத்தவர்களெல்லாம் எழுந்து நடக்கிற ஊரில் என் ப்ரீஸ்ட் மட்டும் எழுந்திருக்க முடியாது.

என்னோடு இன்னும் மூன்று பேர் செத்தார்கள். முன்னால் நின்று அடி வாங்குகிற வாரியர் என் கல்லூரி நண்பன், இப்போது துபாயில் இருக்கிறான், அவனுக்கு 400 மணி நேரத்துக்கு மேல். ஹன்டராக (வேட்டைக்காரர்) ஆடியவர் மட்டும் செத்த மாதிரி விழுந்து கிடந்து, செத்த கூட்டத்தையே ஏமாற்றித் தப்பித்தார். மற்ற இரண்டு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது, நெதர்லாந்துக்காரர்கள். அவர்களிடம் மதுரையில் ஒரு கம்பத்தில் ஒருவர் கை பட்டுவிட்டது என்று எப்படி விளக்குவது?

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏணி ஏறும்படி அனுப்பியது யார் என்பதுதான் கேள்வி. அந்தப் பெட்டிக்கு மூடியே இல்லை. போன மழையிலிருந்து பிளாஸ்டிக் பையைச் சுற்றி கம்பியால் கட்டியிருக்கிறீர்கள், யார் வேலைக்கு வந்தாலும் எங்கள் எல்லா வீட்டு இழையையும் விலக்கிவிட்டுத்தான் கையை நுழைக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை பேசிய பெண்மணி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "கேம்தானே சார்". கேம்தான். ஆனால் 'கேமிங் பிளான்' என்று தட்டி வைத்து மாதம் 150 ரூபாய் கூடுதலாக வாங்குவது நீங்கள். இரண்டு, "கேம் கம்பெனிகிட்ட கேளுங்க, திருப்பிக் குடுப்பாங்க". கொடுக்க மாட்டார்கள். அவரவர் வீட்டு நெட் போய் செத்தால் உயிர் கொடுப்பதில்லை என்பது ஹார்ட்கோர் தொடங்கிய நாளிலிருந்து உள்ள விதி. 2025 மார்ச்சில் சர்வர்கள் மேலேயே டிடாஸ் தாக்குதல் (போலிப் போக்குவரத்தைக் குவித்து முடக்குவது) நடந்து பெரிய குழுக்கள் மொத்தமாகச் செத்தபோது கேம் கம்பெனியான பிளிசார்ட் விதிவிலக்காக உயிர் கொடுத்தது, அது அவர்கள் பக்கம் நடந்த கோளாறு என்பதால். இது உங்கள் பக்கம் நடந்தது.

ப்ரீஸ்டைத் திருப்பிக் கேட்கவில்லை, உங்களால் முடியாது என்று தெரியும். மூடிய புகாரைத் திறந்து, பாக்கெட் தொலைவதற்கு என்ன காரணம், யார் பார்த்தார்கள் என்று எழுத்தில் கொடுங்கள். கேமிங் பிளான் என்று கூடுதலாக வாங்கிய பணத்தை இந்த மாத பில்லில் கழியுங்கள். பெட்டியில் கை வைக்கும் முன் அதில் இணைப்பு உள்ள வீடுகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஓடிபி கேட்கும்போது அது புகாரை மூடுவதற்கு என்று சொல்லிவிட்டுக் கேட்கட்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் உங்கள் அப்பீலேட் அத்தாரிட்டிக்கு (மேல்முறையீட்டு அதிகாரி) இதே கடிதத்தை புகார் எண்களோடு அனுப்புவேன்.

புதிதாக இன்னொரு ப்ரீஸ்ட் தொடங்கியிருக்கிறேன், இப்போது லெவல் 14. ஸ்ட்ராத்ஹோம் வாசலுக்குப் போக இன்னும் ஏழெட்டு மாதம் ஆகும். அதற்குள் அந்தப் பெட்டிக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நாலு வருடமாக ஒரு பில்கூடத் தாமதிக்காத வாடிக்கையாளர்