நிமிடங்களை எண்ணாமல் பேசுவதற்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று இரவு நீ பேசியது நான்கு நிமிடம்கூட இருக்காது. நல்லபடியாக வந்து சேர்ந்ததைச் சொன்னாய், அறை சிறியது என்றாய், நான் அடுத்த கேள்வியைத் தொடங்குவதற்குள் "பில் ஏறும்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். சிக்கனம் நல்லதுதான், ஆனால் நீ அதைத் தவறான இடத்தில் கடைப்பிடிக்கிறாய். அழைப்புக்கு ஆகும் செலவு பெரும்பாலும் அது எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்ததே தவிர, நாம் எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்ததன்று. வழியைச் சரிசெய்துவிட்டால் நாற்பது நிமிடம் பேசினாலும் உனக்கு வலிக்காது; சரிசெய்யாவிட்டால் நான்கு நிமிடமும் வலிக்கும்.

உன் வயதில் நான் வெளிநாட்டில் இருந்தபோது முன்பணம் கொடுத்து வாங்கிப் பேசும் காலிங் கார்டுதான் எங்களுக்குக் கதி. அட்டையின் பின்புறத்தில் பூசியிருக்கும் வெள்ளிநிறப் பூச்சை நகத்தால் சுரண்டி, முதலில் ஓர் உள்ளூர் எண்ணை அழுத்தி, பிறகு அந்த நீளமான ரகசிய எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழுத்தி, அதன்பின் வீட்டு எண்ணை அழுத்த வேண்டும். நடுவில் ஓர் இலக்கம் தவறினால் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். அறுபது நிமிடம் என்று அச்சிட்டிருந்த அட்டையில் நான் ஒருநாளும் அறுபது நிமிடம் பேசியதில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம் என்று ஒரு தொகை போகும், பேசிய நேரத்தை மேல்நோக்கி முழுமையாக்குவார்கள், பயன்படுத்தாமல் வைத்திருந்தால் வாரப் பராமரிப்பு என்று இன்னொன்றைக் கழிப்பார்கள். இவையெல்லாம் அட்டையின் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைப் பல மாதங்கள் கழித்துத்தான் படித்தேன். மூன்று தடவை சிறிது சிறிதாகப் பேசுவதைவிட ஒரே தடவை நீளமாகப் பேசுவது மலிவு என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். "பில் ஏறும்" என்று நீ அவசரமாக வைக்கும்போதெல்லாம் அந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது.

உன் இப்போதைய சிக்கல் ரோமிங். இங்கிருந்து கொண்டுபோன சிம் அங்குள்ள ஒரு நிறுவனத்தின் அலைவரிசையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறது. விருந்தாளிக்கு ஆகும் செலவை அந்த நிறுவனம் நம் நிறுவனத்திடம் கேட்கும், நம் நிறுவனம் தன் பங்கையும் சேர்த்து உன்னிடம் கேட்கும். நீ அழைத்தால் மட்டுமன்று, நாங்கள் அழைத்து நீ எடுத்தாலும் பெரும்பாலான திட்டங்களில் உனக்குக் கட்டணம் உண்டு, ஏனென்றால் அழைப்பவர் உள்ளூர் எண்ணை அழைப்பதாக நினைத்து உள்ளூர்க் கட்டணத்தையே கட்டுகிறார்; அங்கிருந்து உன் கைக்கு வரும் தொலைவுக்கு நீதான் கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும், அங்கே வாங்கிய சிம்முக்கு, 2017 ஜூன் 15 முதல் இந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள். வெளியிலிருந்து கொண்டுபோகும் சிம்முக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத ஓட்டை வாய்ஸ்மெயில். நீ எடுக்காத அழைப்பு முதலில் உன்னைத் தேடி வெளிநாட்டுக்குப் போய், மணியடித்து, பிறகு குரல்பதிவுக்காக இங்கேயே திரும்பி வரும். போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம் என்று இரண்டு விழக்கூடும், நீ ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டாய். சில ஆண்டுகளுக்கு முன் நான் பத்து நாள் பயணம் போய்வந்தபோது ஒரு நிறுவனம் அனுப்பிய பில்லில் பாதிக்கு மேல் இப்படி எடுக்காத அழைப்புகளுக்கானவையாகவே இருந்தன. தொலைபேசியில் ##002# என்று அழுத்தி அழைத்தால் எடுக்காத அழைப்பைக் குரல்பதிவுக்கு அனுப்புவது உட்பட எல்லா அழைப்புத் திருப்புதல்களும் நீங்கிவிடும். இதை ஊரிலேயே செய்திருக்க வேண்டும். உனக்குச் சொல்ல மறந்தது என் தவறு.

ஆகவே நாளைக்கே அங்குள்ள நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கு. உன் போன் இசிம்மை, அதாவது அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மை, ஏற்கும் என்றால் இன்னும் எளிது, பழைய சிம்மைக் கழற்றவே வேண்டாம். அமைப்புகளில் டேட்டாவுக்குப் புதிய சிம் என்று குறித்துவிட்டு, பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடு. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதற்குத் தானாக மாறும் வசதி ஒன்று இருக்கும், அதையும் மறக்காமல் அணைத்துவிடு. பழைய சிம்மை அடியோடு விட்டுவிடாதே. வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். நெடுநாள் ரீசார்ஜ் செய்யாத எண்ணை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸாப் பழைய எண்ணிலேயே தொடரட்டும். புதிய சிம்மைப் போட்டதும் எண்ணை மாற்றவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு, இல்லையென்றால் உறவினர் அனைவருக்கும் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இணையம் வழியாக இருவரும் ஒரே செயலியை வைத்துப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை, டேட்டா மட்டுமே செலவாகும், அதுவும் குரலுக்கு மிகக் குறைவு. பழைய தொலைபேசித் தரத்தில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தேவை. அப்படிக் கணக்கிட்டாலும் ஒரு திசைக்கு நிமிடத்துக்கு அரை எம்பியைத் தாண்டாது, இன்றைய செயலிகள் அதைவிடச் சுருக்கியே அனுப்புகின்றன. காணொளி அப்படியன்று, அது பல மடங்கு தின்னும். உன் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் அதை வைஃபை உள்ள இடத்துக்கு ஒதுக்கிவை. மொபைல் டேட்டாவில் குரல் போதும். நீ வேறு நாட்டுக்குப் போக நேர்ந்தால் அங்கே எந்தச் செயலி வேலை செய்யும் என்று முன்னதாகப் பார்த்துக்கொள். சீனாவில் வாட்ஸாப் தடைசெய்யப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் செய்தி போனாலும் வாட்ஸாப் அழைப்புக்குப் பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு இருந்துவருகிறது. அதனால் இரண்டு செயலிகளை நிறுவி, இரண்டிலும் என்னை ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடு.

விமானத்திலும் கப்பலிலும் தொலைபேசியை ஃப்ளைட் மோடிலேயே வை. அங்கே கிடைக்கும் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக வருவது, நீ போட்டிருக்கும் ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அடங்காது. தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பி அழைக்காதே. ஜப்பானியர்கள் இதற்கு வாங்கிரி என்று பெயரே வைத்திருக்கிறார்கள், ஒரு மணி அடித்துத் துண்டிப்பது என்று பொருள். திருப்பி அழைப்பவரிடம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கறப்பதுதான் இப்படி மணியடிக்கும் மோசடிக்காரர்களின் பிழைப்பு. எங்கள் எண்களையெல்லாம் முன்னால் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துச் சேமித்துக்கொண்டால் எந்த நாட்டிலிருந்தும் மாற்றாமல் அழைக்கலாம்.

இவ்வளவு சொன்னபின் பாட்டி ஒருவர் மீதி இருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன், அதில் எந்தச் செயலியும் ஏறாது. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கைப்பில் பணம் போட்டுச் சாதாரண எண்ணுக்கே பேசுவோம். 2003-இல் வந்த அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. அதே வேலையைச் செய்யும் வேறு சேவைகள் உள்ளன. எதில் பணம் போட்டாலும் கைபேசிக்கு நிமிடத்துக்கு எவ்வளவு, லேண்ட்லைனுக்கு எவ்வளவு, போட்ட பணம் எத்தனை நாளில் காலாவதியாகும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, முதலில் மிகக் குறைந்த தொகையைப் போட்டுச் சோதித்துப் பார். உன் புதிய சிம்மிலேயே பன்னாட்டு அழைப்புக்கான பேக் இருந்தால் அது இன்னும் மலிவாகவும் இருக்கலாம். வைஃபை இல்லாத இடத்தில் ஓர் அவசரம் என்றால் சாதாரண அழைப்புத்தான் கைகொடுக்கும், ஆகவே உன் புதிய சிம்மின் கணக்கில் எப்போதும் பத்து நிமிடத்துக்கான பணம் இருக்கட்டும். அதை அரட்டைக்குத் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்து பல் துலக்கியபின் கூப்பிடு; நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன், எனக்கு அது ஒத்துவரும். முதலில் என்னிடம் செயலியில் வேண்டுமளவு பேசு, பாட்டியை அதன்பின் அழை. அவருக்குக் காது சற்று மந்தம், நீ பெயரைச் சொன்ன பிறகும் "யாரு?" என்று மூன்று தடவை கேட்பார். அந்த ஒரு நிமிடத்துக்கும் சேர்த்தே பணம் போட்டுவை.

அன்புடன்,
அம்மா