நீங்கள் கட்டிய வீட்டில் ஒருவர் குடியிருந்தார்

அன்புள்ள பால் விட்கன்ஸ்டைன் அவர்களுக்கு,

இங்கே விட்கன்ஸ்டைன் என்றால் எல்லோருக்கும் உங்கள் தம்பி, தத்துவஞானி லுட்விக்தான் ஞாபகத்துக்கு வருவார். இந்தக் கடிதம், ஒற்றைக் கையால் பியானோ வாசித்த உங்களுக்கு. நீங்கள் 1961-ல் போய்விட்டீர்கள். அதற்குச் சில வருடங்கள் கழித்து அமெரிக்காவில் ஒரு பியானோ கலைஞருக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் தெரிய வேண்டியவர்களில் முதல் ஆள் நீங்கள்தான்.

அவர் பெயர் லியோன் ஃப்ளைஷர். 1928-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், அப்பா தொப்பி செய்கிறவர். ஒன்பது வயதில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெல் அவரைச் சீடனாக எடுத்துக்கொண்டார். ஷ்னாபெல் யாரிடம் படித்தவர்? வியன்னாவில் நீங்களும் படித்த அதே லெஷெட்டிட்ஸ்கியிடம்! லெஷெட்டிட்ஸ்கிக்கு குரு செர்னி, செர்னிக்கு பீத்தோவன். ஆக, ஃப்ளைஷர் உங்கள் குரு வழியிலேயே வந்த பிள்ளை.

16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்தார். 1952-ல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு, அதை வாங்கிய முதல் அமெரிக்கர். அப்புறம் ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லண்ட் இசைக்குழுவோடு பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களை (இசைக்குழுவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) பதிவு செய்தார். பிராம்ஸின் முதல் கான்செர்ட்டோவில் இசைக்குழு நெடுநேரம் புயலாக அடித்து ஓய்ந்தபின் பியானோ சன்னமாக உள்ளே வரும் இல்லையா, அந்த இடத்தை அவர் வாசித்திருப்பதைக் கேட்டபின் வேறு யார் வாசித்தாலும் எனக்கு ஏதோ குறைகிற மாதிரியே இருக்கிறது.

36 வயதில் வலது கை போனது. உங்களுக்குப் போனது போல இல்லை. உங்களுக்கு 1914-ல் போர்முனையில் குண்டு பாய்ந்து கையையே எடுத்தார்கள். அவருக்குக் கை அப்படியே இருந்தது, மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் பியானோவில் வைத்தால் தானாக உள்பக்கம் மடங்கிக்கொண்டன. ஜார்ஜ் செல்லோடு சோவியத் யூனியன் போக வேண்டிய நேரம், போக முடியவில்லை. ஃபோகல் டிஸ்டோனியா என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். கோளாறு விரலில் இல்லை, மூளை விரலுக்கு அனுப்பும் கட்டளையில். அன்று அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இல்லை. மனோவசியம், ஊசி, அக்குபங்சர், அறுவை சிகிச்சை என்று வருடக்கணக்கில் அலைந்தார். உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். தாடியும் குடுமியும் வளர்த்துக்கொண்டு வெஸ்பா ஸ்கூட்டரில் சுற்றினார்.

சரி, இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள்.

சைபீரியாவில் போர்க்கைதியாக இருந்தபோதே ஒற்றைக் கையில் வாசிக்கப் பழகி, ஊர் திரும்பியதும் சொந்தப் பணத்தைக் கொட்டி ராவல், புரோகோஃபியெவ், ஹிண்டெமித், கோர்ன்கோல்ட், ஸ்ட்ராஸ், பெஞ்சமின் பிரிட்டன் என்று ஒவ்வொரு இசையமைப்பாளரிடமும் இடது கைக்கென்றே இசை எழுதி வாங்கினீர்கள். அதற்காக உங்களைக் கும்பிடுகிறேன். ஆனால் இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் சீக்ஃப்ரீட் ராப் அந்த இசைப்பிரதிகளைக் கேட்டபோது நீங்கள் எழுதிய பதிலை என்னால் மறக்க முடியவில்லை. இன்னொருவர் குடியிருப்பதற்காக யாரும் வீடு கட்டுவதில்லை என்று எழுதினீர்கள். அதே நிலையில் இருந்த ஒரு மனிதருக்கு அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த வீட்டில்தான் ஃப்ளைஷர் சுமார் முப்பது வருடம் குடியிருந்தார். ராவலின் கான்செர்ட்டோவைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிரிட்டனையும், நீங்கள் வாங்கி வாசிக்காமலே விட்ட புரோகோஃபியெவையும்கூட பாஸ்டன் இசைக்குழுவோடு பதிவு செய்தார்.

வாசிக்க ஒரு கைதான் என்றானதும் இசைக்குழு நடத்தவும் இறங்கினார். 1970-ல் அன்னாபொலிஸ் இசைக்குழுவின் நடத்துநர், 1973-ல் பால்டிமோர் இசைக்குழுவின் துணை நடத்துநர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பால்டிமோரின் பீபாடி இசைக்கல்லூரியில் அவர் பாடம் சொன்ன விதம். முன்பெல்லாம் மாணவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே வாசித்துக் காட்டுவார். இனி அது முடியாது, தனக்குக் கேட்கிற ஒலியைச் சொல்லாகச் சொல்லியாக வேண்டும். அதனால் தான் நல்ல ஆசிரியரானதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் ப்ரோன்ஃப்மன், ஜோனதன் பிஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள்தான்.

1982-ல் பால்டிமோரில் புது அரங்கம் திறந்த நாளில் இரண்டு கையாலும் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது, ஆனால் கை சரியாகவில்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். மறுபடி இடது கை. தொண்ணூறுகளில்தான் போடாக்ஸ் ஊசியும் ஆழமாகத் தசையைப் பிடித்துவிடும் ஒரு சிகிச்சையும் சேர்ந்து விரல்களைக் கொஞ்சம் தளர்த்தின. நோய் தீரவில்லை, ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டுதான் வாசித்தார். 2004-ல் இரண்டு கையாலும் வாசித்த இசைத்தட்டு வந்தது, ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவோடு.

அதே வருடம் நடந்த இன்னொன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1923-ல் ஹிண்டெமித்திடம் காசு கொடுத்து வாங்கி, பிடிக்காமல், யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்தீர்களே, அந்தப் பிரதி உங்கள் மனைவி இறந்தபின் பென்சில்வேனியா வீட்டில் கிடைத்தது. 2004 டிசம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக், சைமன் ராட்டில் நடத்த, முதன்முறையாக அது மேடையேறியது. பியானோவில் ஃப்ளைஷர், வயது 76. வலது கை திரும்பி வந்திருந்த நேரத்தில், அதை ஓரமாக வைத்துவிட்டு, இடது கையால்.

அவரும் 2020-ல் போய்விட்டார். ஹிண்டெமித்தின் அந்தப் படைப்பை அவர் வாசித்த பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது, இருபது நிமிடம்கூட வராது. அதன் மெதுவான பகுதியை நேற்றிரவும் கேட்டேன். உங்களுக்கு அது ஏன் பிடிக்காமல் போனது என்று எனக்குப் புரியவே இல்லை, விட்கன்ஸ்டைன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்கு வெளியே நின்று கேட்கும் ஒருவன்