பிராதில் சேர்க்கும் பத்தி

அன்பு நண்பா,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது. கோவைக்கு வந்து குழந்தையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாய்தா தேதிதான் குறுக்கே நிற்கிறது.

வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேலைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தரும்படி கட்டடக்காரர் மேல் நான் போட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் என்னைத் தூற்றி, குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார் அல்லவா? அதற்கும் நஷ்டஈடு கேட்டு, பிராதை, அதாவது என் வழக்கு மனுவை, திருத்த அனுமதி கோரி மனுப் போட்டுவிட்டேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 6ஆம் கட்டளை, 17ஆம் விதி. விசாரணை தொடங்கிவிட்டால் இந்த அனுமதி எளிதில் கிடைக்காது. உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று நீதிமன்றத்தை ஏற்கவைக்க வேண்டும். 2002இல் வந்த கட்டுப்பாடு அது. நல்லவேளை, என் சாட்சியத்தை எழுத்தில் தரும் நிரூபண வாக்குமூலம் இன்னும் தாக்கலாகவில்லை, அதனால் விசாரணை தொடங்கியதாகாது.

‘மானம் போயிற்று’ என்று பொதுவாக எழுதினால் போதாதாம். அச்சான சொற்களை அப்படியே எடுத்தெழுதி, என்றைக்கு, யார் யாருக்கு அனுப்பினார் என்றும் சொல்ல வேண்டும். வக்கீல் குமாஸ்தா தட்டச்சு செய்துகொண்டே உரக்கப் படித்தார்: “வேலை வாங்கிக்கொண்டு கூலி தராத மோசடிப் பேர்வழி. இவரோடு கொடுக்கல் வாங்கல் வைப்போர் எச்சரிக்கை!” பெஞ்சில் காத்திருந்த கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வரிகளின் கீழே நானே கையெழுத்துப் போட்டேன். குடியிருப்போடு நின்றிருந்த வசவை நானே நீதிமன்ற ஆவணத்தில் ஏற்றியிருக்கிறேன், கட்டணமும் கட்டி! இரண்டு லட்சம் கேட்டால் நூற்றுக்கு மூன்று வீதம் 6,000 ரூபாய்.

வழக்கின் தன்மையே மாறுகிறது, தனி வழக்குப் போடட்டும் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதியது உண்மை என்று நிரூபித்துத்தான் அவர் தப்பப் பார்ப்பார். வேலையைச் செய்தாரா, பணம் பாக்கியா என்பதைத்தானே பழைய வழக்கிலும் பேசப்போகிறோம்? அதே ரசீதுகள், அதே சாட்சிகள். இரண்டு கோர்ட்டில் ஏறி இறங்குவானேன்? மனு தள்ளுபடியானால் தனி வழக்குத்தான். அவதூறுக்குக் கெடு ஒரே வருடம் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

“ஜெயிலில் போடு” என்று எழுதியிருக்கிறாய். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அதற்கும் வழி உண்டு. போலீசுக்குப் போகாமல் மாஜிஸ்திரேட்டிடம் நேரே புகார் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் நாட்டமில்லை. பணமும், ஒரு தீர்ப்பும் போதும்.

ஒரு உதவி வேண்டும். நோட்டீஸ் எனக்கு மட்டும் வந்திருந்தால் அவதூறே ஆகாது. மூன்றாம் ஆள் படித்திருக்க வேண்டும். இங்கே ஃபிளாட் இருப்பதால் உனக்கும் வந்ததல்லவா? அந்த நோட்டீசை, தபால் முத்திரை விழுந்த உறையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. நகல் வேண்டாம், அசல்தான் வேண்டும். கூண்டேறிச் சாட்சி சொல்லவும் நேரலாம். சம்மதமா என்று மறக்காமல் எழுது, வக்கீல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்